ஷைலா தண்ணீரில் இறங்குவதற்கான செலவு

1

கனடாவுக்கு வந்த பதினெட்டு வருடங்களில் நாங்கள் எட்டு முறை விடுமுறைக்குப் போயிருக்கிறோம். எட்டு முறையும் போன இடம் ஒன்றுதான், பாறசாலை. திருவனந்தபுரத்தில் இறங்கி, நெய்யாற்றின்கரை தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பெட்டியை வைத்தால், மறுநாள் காலையில் கொல்லயில் என்ற பஞ்சாயத்தில் இருக்கும் என் மனைவி ஷைலாவின் பிறந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அதன்பிறகு ஐந்து வாரம் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. கடைசியாகப் போய்த் திரும்பியபோது, என்னோடு வேலை செய்யும் ஒருவன், கேரளத்துக் கடற்கரை எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டான். மூன்று கல்யாணம், ஒரு சவ அடக்கம், இரண்டு வங்கி, ஒரு வில்லேஜ் ஆபீஸ், கடலை மட்டும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

அதனால், இந்த பிப்ரவரியில் நாங்கள் ஊருக்கு வராமல் கரீபியன் கடலில் போனெய்ர் என்ற சின்னத் தீவுக்கு ஒரு வாரம் போனோம் என்று எழுதும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. காசு கூடிப்போச்சோ என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள் என்பதும் தெரியும். கூடிப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் எழுத வேண்டியது வேறொன்று என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாவது வருடம் இது. மகள் அனிஷா டொராண்டோவில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடுவாள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். யாருக்கும் இதில் கஷ்டம் இல்லை என்று மூன்று பேருமே நடித்துக்கொண்டு வருகிறோம். வெள்ளி விழாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். வீட்டுக் குக்கர் பழையதாகிவிட்டது என்றேன். உங்களைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்டேன் என்றாள்.

ஷைலா யோசிக்கவே இல்லை. தொலைக்காட்சியில் எப்போதோ பார்த்திருப்பாள் போல.

“தண்ணிக்கு அடியில போய் மூச்சு விடணும்” என்றாள்.

இருபத்தைந்து வருடத்தில் அவள் தனக்கு என்று எதுவும் கேட்டது கிடையாது. இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

2

காற்றுச் சிலிண்டரோடு கடலில் முங்கும் ஒரு வார ஸ்கூபா பயணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்வேன். நாங்கள் இருக்கும் சாஸ்கடூன் நகரத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிப்ரவரியில் ஆறே உறைந்து கிடக்கும். ஆகவே செலவுப் பட்டியலில் முதல் வரி விமான டிக்கெட், அதுதான் பெரிய வரி. இரண்டாவது, தங்குமிடம். உணவோடு சேர்ந்த விடுதி வேண்டாம், அடுப்படி உள்ள சின்ன வீடாக எடுத்தால் போதும் என்பது என் தீர்மானம். அரிசியும் மிளகாய்ப் பொடியும் பெட்டியில் போகும், மீன் அங்கேயே கிடைக்கும். மூன்றாவது, பயிற்சிக் கட்டணம். முதல்முறை இறங்குகிறவர்கள் நாலு நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பாடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் படித்துவிட்டால் தீவில் ஒரு நாள் மிச்சம். நான்காவது, சிலிண்டர், உடை, கண்ணாடி வாடகை. ஐந்தாவது, கடல் பூங்காவுக்கு ஒரு கட்டணம். ஆறாவது, முங்குகிறவர்களுக்கென்றே தனிக் காப்பீடு.

போனெய்ரைத் தேர்ந்தெடுத்ததற்கும் கணக்குத்தான் காரணம். மற்ற தீவுகளில் படகு ஏறிப் போய்த்தான் குதிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் படகுக்குக் காசு. இங்கே பவளப்பாறை கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாலையோரம் மஞ்சள் பூசிய கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும், வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே கடலுக்குள் போகலாம்.

நான் ரசித்து எழுதிய வரி ஏழாவது. கடைசியாக முங்கி எழுந்த பிறகு பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். அதாவது ஒரு முழு நாள் தீவில் சும்மா இருப்பதற்கும் வாடகை கொடுக்க வேண்டும். சும்மா இருக்கக் காசு கொடுக்கும் வழக்கம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் இதுவரை இல்லை.

எட்டாவது வரியில் என் பெயர். “கரையில் உட்காருபவர்: செலவு இல்லை.” எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், அதைச் சிக்கனம் என்று எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு வரியைச் சேர்க்க வேண்டி வந்தது, நகராட்சி நீச்சல் குளத்துக்கான சந்தா. பயிற்சிக்கு முன் இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். ஷைலா கொல்லயிலில் ஏலாக் கரைக் குளத்தில், அதாவது வயலோரத்துக் குளத்தில், ஐந்து வயதிலிருந்து நீந்தியவள். ஆனால் பதிமூன்று வயதோடு சரி. அதற்குப் பிறகு அவள் தண்ணீரில் இறங்கியதே இல்லை. இப்போது நாற்பத்தொன்பது.

அக்டோபரில் முழுக்கை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவள் குளத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றாள். நான் துண்டோடு பெஞ்சில் இருந்தேன். மூச்சு முட்டினால் கையைக் காட்டு என்று நான்கு தடவை சொல்லியிருந்தேன். இறங்கினாள். முதல் நீளத்தை முடிக்கத் திணறினாள். மூன்றாவது வாரம் நிறுத்தாமல் எட்டு நீளம் போய் வந்தாள். பக்கத்துத் தடத்தில் நீந்திய கிழவர், எந்த நீச்சல் கழகத்தில் பயின்றீர்கள் என்று அவளிடம் கேட்டார். அன்று அவள் காரில் வழி முழுவதும் சின்னதாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அவளை அப்படிப் பார்க்க ரொம்பப் பிடித்திருந்தது.

3

தவறு என்னுடையது. அது எல்லைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். நான் தொடக்கப் பள்ளி படித்தது தமிழில், மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் மலையாளத்தில், பட்டப் படிப்பு எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில். இந்தப் பக்கத்து அலுவலகத்தில் என்னைத் தமிழ்நாட்டுக்காரன் என்பார்கள், அந்தப் பக்கத்தில் கேரளாக்காரன் என்பார்கள். எந்த மனுவும் ஒரு தடவையில் போனதில்லை. ஏதாவது ஒரு காகிதம் குறைவு என்று திரும்பி வரும். அதனால் நாங்கள் ஒரு வேலைமுறையைக் கற்றுக்கொண்டோம். கேட்டதற்கு மேல் இரண்டு சேர்த்துக் கொடு. எதையும் விடாதே. விட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இந்த முறையால் பட்டதும் உண்டு. குடியேற்ற மனுவில், வெள்ளறடையில் பாரலல் காலேஜ் என்ற டுட்டோரியல் ஒன்றில் நாற்பத்தொரு நாள் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைக்கூட எழுதினேன். அங்கிருந்து அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது. தேடிப் போனால் அந்த டுட்டோரியல் பேக்கரியாக மாறியிருந்தது. எங்கள் கோப்பு ஏழு மாதம் நின்றதற்கு அந்த நாற்பத்தொரு நாள்தான் காரணம். ஷைலா இன்றுவரை பப்ஸ் சாப்பிடும்போது அதைச் சொல்லிக் காட்டுவாள்.

ஜனவரியில் முங்கல் பயிற்சிக் கடையிலிருந்து மருத்துவப் படிவம் வந்தது. வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை. அவள் பெயரில் நானே உட்கார்ந்து நிரப்பினேன். காது வலி, இல்லை. இதயம், இல்லை. எப்போதாவது ஆஸ்துமா அல்லது மூச்சிழுப்பு இருந்ததுண்டா. அந்த ‘எப்போதாவது’ என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. உண்டு என்று டிக் போட்டேன். கீழே விவரம் எழுத இடம் இருந்தது, விவரமும் எழுதினேன். ‘சிறுவயதில்’ என்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது நல்ல காரியம் செய்த நிறைவு.

மறுநாள் பதில் வந்தது, ரொம்ப மரியாதையான பதில். ஒரு கேள்விக்கு ஆம் என்று சொன்னாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் மேடம் கரையில் இருந்து மற்றவர்களைப் பார்க்கலாம், தண்ணீரில் இறங்க முடியாது. கட்டிய பணம் திரும்பி வராது. பயணத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

ஷைலாவிடம் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“என்னட்ட கேட்டிருக்கலாம்” என்றாள். அவ்வளவுதான். அந்த வாரம் அவள் நீச்சல் குளத்துக்குப் போகவில்லை.

4

அந்த இழுப்பு எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்தது. அதைச் சொன்னால்தான் என் தவறு முழுதாகப் புரியும்.

பெண் பார்க்கப் போன அன்று, காப்பியும் நேந்திரங்காய் வறுவலும் வந்த பிறகு, ஷைலாவின் பெரிய மாமா தொண்டையைச் செருமினார். ஒரு காரியத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றார். பிள்ளைக்குச் சின்னதில் இழுப்பு இருந்தது, கஷாயம் கொடுத்துச் சரியாகிவிட்டது, ஆனாலும் தண்ணீரும் குளிரும் ஆகாது. பிறகு தெரிந்து வருத்தப்படக்கூடாது பாருங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற அவள் அம்மா, இன்றைக்கு என் மாமி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, அதெல்லாம் ஒரு குறையே இல்லை என்றேன்.

அந்த ஒரு வரிக்காக இருபத்தைந்து வருடம் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்திருக்கிறேன். இழுப்புக்காரப் பெண்ணைப் பெருந்தன்மையோடு கட்டியவன் நான். வார்த்தையில் சொன்னதில்லை, ஆனால் நடத்தையில் காட்டியிருப்பேன். கல்யாணமாகிக் கோவளம் போனபோது மாமனார் வீட்டில் சொன்னபடி அவளை அலையில் கால் நனைக்கக்கூட விடவில்லை. அவள் மணலில் நின்றாள், நான் இறங்கி இரண்டு பேருக்குமாகக் கால் நனைத்து வந்தேன். எனக்கும் முட்டளவுக்கு மேல் பயம் என்பது வேறு. கனடா வந்ததும் அவளுக்கு இரண்டு மப்ளர் வாங்கினேன். மழையில் நனையவிட மாட்டேன். அவளும் பேசாமல் கேட்டுக்கொள்வாள். தனக்கு இழுப்பு உண்டு என்று அவளும் நம்பியிருந்தாள் அல்லவா. கல்யாணமாகி ஒரு தடவையும் அது வரவில்லை என்பதால்தான், இந்த முறை அவள் கேட்டதும் நானும் தடுக்கவில்லை.

5

எங்கள் குடும்ப மருத்துவர் நைஜீரியாவிலிருந்து வந்தவர், நிதானமான மனிதர். அவரைப் பார்க்கவே ஒன்பது நாள் ஆனது. நுரையீரல் பரிசோதனைக்கு எழுதினால் தேதி ஜூன் மாதம்தான் கிடைக்கும் என்றார். தனியார் ஆய்வகம் வேறு நகரத்தில் இருக்கிறது, அதற்கு நாங்களே காசு கட்ட வேண்டும். எதிர்பாராத செலவு என்று நான் ஒதுக்கியிருந்த வரி என் மனக்கண்ணில் சிவப்பானது.

அவர் ஷைலாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஒரு சின்னக் குழலைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூன்று தடவை ஊதினாள், முள் மேலே ஓடியது. நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய நோய் என்று படிவத்தில் இருப்பதால் அதைப் பற்றித் தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். எந்த வயதில் வந்தது, எத்தனை தடவை, எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

பதிமூன்று வயது, ஆடாதொடைக் கஷாயம் என்றாள் ஷைலா. ஆஸ்பத்திரி தெரியாது. எத்தனை தடவை என்றும் தெரியாது, தூக்கத்தில் வந்ததாக அம்மா சொன்னாள்.

அவர் பேனாவை வைத்தார். மூச்சு முட்டியது ஒரு தடவையாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இல்லை என்றாள்.

அம்மாவிடம் விவரம் கேட்டுக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கூப்பிட்டோம், அங்கே மாலை ஏழு. மாமி தினசரி ஜெபம் முடித்துவிட்டு போனுக்காகவே காத்திருப்பார். எழுபத்தைந்து வயது, காது நன்றாகக் கேட்கும். ஷைலா தினமும் இந்த நேரத்தில்தான் பேசுவாள். சாப்பாடு, மழை, கோழி எல்லாம் கேட்டுவிட்டு, டாக்டர் கேட்டதைக் கேட்டாள். எனக்கு இழுப்பு எப்ப வந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க, எழுதிக் கொடுக்கணும் என்றாள்.

இணைப்புப் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். முகம் இருந்தது.

“அது இப்ப என்னத்துக்கு மக்கா?”

“சொன்னேன் இல்லியா. கடலுக்குள்ள போணும். டாக்டர் கையெழுத்துப் போடணும்.”

மாமி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். “நீ கோவப்படாண்டாம். உனக்கு இழுப்பு வந்ததே இல்ல.”

மாமி தொடர்ந்தார்.

“நீ பெரிய பிள்ளை ஆனபிறவும் அந்தக் குளத்துலதான் கெடப்ப. ஆம்பிளப் பிள்ளேளுக்கு முன்ன தண்ணியில சாடுவ. ஊருல ஒவ்வொருத்தரா எனக்கிட்ட பறயத் தொடங்கியாச்சு. உங்கப்பாக்குத் தெரிஞ்சா அடிப்பாரு. நான் போவண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்ப. ஏன்னு சொல்லதுக்கு எனக்குத் தெரியல்ல. ராத்திரி உனக்கு இழுப்பு இழுத்துது, தண்ணியில போனா செத்துப்போவன்னு சொன்னேன். நீ ஒடனே கேட்டுட்ட.”

“நாலு வருசம் கஷாயம் குடிச்சேனே அம்மா.”

“நானும் குடிச்சேன். நீ தனியா குடிக்காண்டாம்னு ஒவ்வொரு நாளும் ஒரு கிளாசு நானும் குடிச்சேன். உனக்கு ஓர்மை இல்லியா?”

அவளுக்கு நினைவிருந்தது. தனக்கும் வந்துவிடக்கூடாது என்று அம்மா குடிக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். மாமி இன்னொன்றும் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று பெரிய மாமா அதைச் சபையில் எடுத்து விட்டபோது, அது பொய் என்று எழுந்து சொல்ல வாய்வரை வந்ததாம். சொன்னால் இவள் அம்மா பொய்க்காரி என்று சம்பந்தம் கலைந்துபோகும், சொல்லாவிட்டால் பிள்ளை நோயாளி. எது நல்லது என்று கதவுக்குப் பின்னால் நின்று கர்த்தரிடம் கேட்டதாகவும், அதற்குள் நான் எழுந்து குறையே இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

ஷைலா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமியிடம் மழை இன்னும் பெய்கிறதா என்று மறுபடியும் கேட்டேன்.

6

வியாழக்கிழமை மருத்துவர் முழுவதையும் கேட்டார். பெரிதாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆற்றில் பிசாசு இருக்கிறது என்று சொல்வார்கள், பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வார்கள் என்றார். இன்னொரு முறை ஊதச் சொல்லி, எண்ணைக் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கட்டணம் உண்டு, அரசுக் காப்பீட்டில் வராது. வெளியே வந்து நான் கட்டினேன். அதைத் திட்டத்தில் எந்த வரியில் சேர்ப்பது என்று யோசித்து, என் பெயருக்கு நேராக எழுதினேன்.

அனிஷாவுக்குக் கேட்டதும் தாங்கவில்லை. அம்மச்சி செய்தது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரியுமா, நான் அவர்களோடு பேசப்போவதில்லை என்றாள். அவள் ஆத்திரத்தில் அங்கங்கே தமிழ் வந்தது. மூன்று வருடத்தில் அவள் எங்களிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஷைலா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எனக்க அம்மையிட்ட எனக்குக் கோவம் வரும், உனக்கு வராண்டாம்” என்று சொல்லிவிட்டாள்.

கோபம் வந்தது. நான் இதுவரை பார்க்காத கோபம். கத்திச் சண்டை போடுகிறவள் அல்ல அவள். அம்மாவோடு தினம் போனில் பேசுவதை நிறுத்தினாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, முப்பத்தாறு வருசம் நான் ஒரு மழை நனையல்ல என்றாள். இன்னொரு நாள், கோவளத்தில மணல்ல நின்னேனே என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளை அலைக்கு விடாமல் நிறுத்தியது என் கையும்தானே. என் பெருந்தன்மை எல்லாம் இல்லாத நோய்க்காகச் செய்தது என்று தெரிந்தபோது, அவமானமும் கொஞ்சம் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மன்னிப்புக் கேட்டேன். மப்ளரை எடுத்து என் கழுத்தில் போட்டாள்.

மாமி இப்போது என்னைத்தான் கூப்பிடுவார். அவள் எந்தத் தேதி இறங்குவாள், எத்தனை ஆழம், கூட ஆள் உண்டா என்று கேட்பார். சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், என் மகள் கடலுக்கு அடியில் போகிறாள், அவளுக்காக ஜெபியுங்கள் என்று விண்ணப்பம் வைத்துவிட்டார். அது கொல்லயிலிலிருந்து பாறசாலை வந்து சேர்வதற்குள், ஷைலாவுக்கு நீர்மூழ்கிக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது என்று ஆகிவிட்டது. காட்டாக்கடையில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று எனக்குச் செய்தி அனுப்பினான்.

அவளிடம் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். கொஞ்சம் சிரித்தாள். கோவம் போகல்ல, ஆனா அம்மா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கஷாயம் குடிக்கது கண்ணுல வருது என்றாள். போனை மட்டும் எடுக்கவில்லை. நாங்கள் விமானம் ஏறும்வரை எடுக்கவில்லை.

7

தீவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். சந்தையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, கிடைத்தது. சாலையில் கழுதைகள் தங்கள் பாட்டுக்கு நடந்தன. அடுப்படி வீட்டில் மீன் வறுத்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு டச்சுக்காரர் வேலிக்கு வந்து நின்றார், ஒரு துண்டு கொடுத்தோம். சாப்பாட்டு வரியில் மிச்சம் வந்தது.

முதல் இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி. ஷைலாவோடு இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். பயிற்சி கொடுத்தவள் உயரமான ஒரு பெண், எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டாள். தண்ணீருக்குள் முகக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் பதறி எழுந்துவிட்டான். ஷைலா மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ முன்பு முங்கியிருக்கிறாயா என்று அந்தப் பெண் கேட்டாள். குளத்தில் என்றாள் ஷைலா.

மூன்றாம் நாள் காலையில் ஆழத்துக்குப் போனார்கள். மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நான் ஒரு முள்மரத்து நிழலில் உட்கார்ந்தேன். சிலிண்டரை முதுகில் ஏற்றும்போது அவள் கொஞ்சம் தள்ளாடினாள். எழுந்து பிடிக்கப் போனேன், அவள் கையைக் காட்டி இருக்கச் சொன்னாள். நாலு பேரும் நடந்து போனார்கள். இடுப்பு, நெஞ்சு, தலை. பிறகு குமிழி மட்டும். கொஞ்ச தூரம் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெயில் பட்டு அதுவும் தெரியாமல் போனது.

நாற்பத்திரண்டு நிமிடம். நோய் பொய் என்று மருத்துவர் கையெழுத்திட்டுக் கொடுத்த காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்து வருடம் ஒரு பெண்ணின் மூச்சைக் காவல் காத்துப் பழகிவிட்டேன், காகிதத்தைப் பார்த்து அது நிற்காது. மாமிக்கு அங்கே எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு நினைப்பு வந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது மெய்யாகிவிடுமோ என்று முப்பத்தாறு வருடம் பயந்துகொண்டிருக்கிற ஆள் அவர்.

முதலில் எழுந்தது பயிற்சிப் பெண்ணின் தலை. அடுத்தது ஷைலா. நடந்து கரையேறினாள், தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். முகத்தில் கண்ணாடி அழுத்திய வளையம். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். அவள் கையை நீட்டினாள். எனக்குப் புரியச் சற்று நேரமானது. துண்டைக் கொடுத்தேன். அது வேண்டாம் என்று தலையாட்டினாள். போனைக் கொடுத்தேன்.

ஒரே மணியில் மாமி எடுத்தார்.

“அம்மா, நான் போயிட்டு வந்தாச்சு. பன்னிரண்டு மீட்டர்.”

“மூச்சு?”

“நல்லா இருந்துது. உள்ள நிறைய மீனு. எனக்க பக்கத்துல ஒரு ஆமை வந்துது. ஒண்ணும் செய்யல்ல.”

மாமி அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, திரையில் கூரைதான் தெரிந்தது. பின்னால் பயிற்சிப் பெண் அடுத்த சிலிண்டரை இறக்கும் சத்தம் மாமிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“இன்னும் இறங்கணுமா மக்கா?”

“இன்னும் ஒரு தடவை உண்டு.”

“அப்ப போ” என்றார் மாமி. “மெதுவா ஏறி வந்தா போதும். இங்க ஒரு அவசரமும் இல்ல.”